அலங்கார வளைவில் நின்றவன்

"கொலை பண்ணவன் யாருன்னு கண்டுபிடிக்கணும் மேடம்," என்றான் வந்தவன். பிறகு நாற்காலியின் நுனிக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நானா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொன்னாகூடப் போதும்."

வேகவைத்த வேர்க்கடலையை, அந்தப் பக்கத்து மல்லாட்டையை, உரித்துக்கொண்டிருந்த பிரான்சிஸின் கை நின்றது.

"வழக்கமா ஆளைத் தேடி நாங்கதான் ஊரு ஊரா அலைவோம். நீங்க ஆளையும் கையோட கூட்டிக்கினு வந்துட்டீங்க. பஸ் செலவு மிச்சம்."

வந்தவன் சிரிக்கவில்லை. அவன் தூங்கிப் பல நாள் ஆகியிருக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே கரி அப்பியதுபோல் இருந்தது.

விழுப்புரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது 'தையல்நாயகி விசாரணை நிலையம்'. பலகையில் முதல் சொல்லை மட்டும் படித்துவிட்டு, வாரத்துக்கு இரண்டு பேராவது ரவிக்கைத் துணியோடு படியேறி வருவார்கள். தையல்நாயகி அவர்களையும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவாள். ஐம்பத்திரண்டு வயது. அதில் இருபது வருஷம், காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில், எரியாத கடைக்கும் சாகாத மாட்டுக்கும் பணம் கேட்டு வருபவர்களை விசாரித்தே கழிந்திருந்தது. அவளுடைய உதவியாளன் பிரான்சிஸ், இந்த வேலைக்கு முன் கச்சேரி மேடைகளில் அறிவிப்பாளனாக இருந்தவன். மைக் போய்விட்டது, வாய் போகவில்லை.

"பேரு சொல்லுப்பா," என்றாள் தையல்நாயகி.

"இனியவன். ஜெனரேட்டர் ஆபரேட்டர். ஒலக்கூர் பக்கம் மேடம்."

"யாரு செத்தது?"

"எங்க மாமா நெடுஞ்செழியன். அம்சா அக்கா வூட்டுக்காரரு. லைட்டு மேஸ்திரி. மனை விக்கிற விழா ஒண்ணு. திண்டிவனம் சீனுவாசன் இருக்காரே, பேரொளி ஈவென்ட்ஸ், அவருதான் எடுத்துச் செஞ்சாரு. விழாவுக்கு மொத நாள் சாயங்காலம் மாமா அலங்கார வளைவு மேல நின்னு லைட்டு எழுத்துக்கு ஒயர் குடுத்துக்கினு இருந்தாரு. நான் கீழ கைப்பிடியைத் தூக்கி லைன் போட்டேன். கரண்டு பாஞ்சு மேலேருந்து விழுந்தாரு. அவ்ளோதான் மேடம்."

தையல்நாயகி தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"போலீசுல சொந்தக் கவனக்குறைவுன்னு எழுதி மூடிட்டாங்க. என்னையும் யாரும் ஒண்ணும் கேக்கலை. அதான் பேஜாரு. நேத்து பதினாறாம் நாள் காரியம். எங்க அக்கா ஊரையே கூப்பிட்டுச்சு. என்னைக் கூப்பிடலை. என் மூஞ்சியைப் பாத்து ஒரு வார்த்தை பேசலை." இனியவன் தன் வலது கையை வேறு யாருடையதோபோல் பார்த்தான். "அன்னிலேருந்து நான் ஸ்விட்சு தொடலை மேடம். ஃபேனுகூட என் பொண்டாட்டிதான் போடறா. ஸ்விட்சுகிட்ட கை போனா மேலேருந்து மாமா 'இருடா'ன்றாரு. பகல்லயே கேக்குது."

பிரான்சிஸ் மல்லாட்டைத் தோலைக் கூட்டிக் குவித்தான்.

"இடத்தைப் பாக்கலாம்," என்று எழுந்தாள் தையல்நாயகி.

*

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை. பேய்க்கென்று ஊரில் ஒதுக்கி வைத்திருக்கும் நேரத்தில் அதுவும் ஒன்று என்பது பிரான்சிஸுக்கு இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மல்லாட்டைக் கொல்லையாக இருந்த நிலம். இப்போது மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக் கற்கள் வரிசையாக நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் மனைப் பிரிவா, மயானமா என்று சொல்வது கஷ்டம். ஆள் இல்லை, ஆடு இல்லை. நடுவில் இரும்புக் குழாயில் கட்டிய அலங்கார வளைவு மட்டும் பிரிக்கப்படாமல் நின்றது. 'பாதுகாப்பான மனை பாதுகாப்பான வாழ்வு' என்று எழுத்துகள். 'வா' என்ற எழுத்தின் மேல் குழாய் கறுத்திருந்தது.

பக்கத்திலேயே கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். அதில் நெடுஞ்செழியன் மூலையில் ஒரு தபால்தலை அளவுக்கு இருந்தார். ஆறடி உயரத்துக்குக் கைகூப்பி நின்றவர் சீனுவாசன், 'பாதுகாப்புச் செம்மல்' என்ற பட்டத்தோடு. விவரம் தெரியாமல் போகிறவர்கள் சீனுவாசனுக்காக அழுதுவிட்டுப் போக எல்லா வசதியும் செய்யப்பட்டிருந்தது.

"செத்தவரு யாருன்னு கண்டுபிடிக்கவே தனியா ஒரு துப்பறியும் நிலையம் வேணும் மேடம்," என்றான் பிரான்சிஸ்.

வளைவின் மேலிருந்து சத்தம் வந்தது. டக். சற்றுப் பொறுத்து, டக். பலகையில் ஒருவர் கால் மாற்றி நிற்பதுபோல்.

இனியவன் வளைவின் நிழலுக்குள் கால் வைக்கவில்லை. வெயிலில் நின்றபடியே கை நீட்டிக் காட்டினான். ஜெனரேட்டரை எடுத்துப் போய்விட்டார்கள். அதன் லைன் வந்து சேர்ந்த பெட்டி மட்டும் கம்பத்தில் இருந்தது. பெட்டிக்குப் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி.

"மேல ஏறுறவரு துண்டை அவுத்து இந்தக் கைப்பிடில கட்டிட்டுத்தான் ஏறுவாரு மேடம். கட்டினவருதான் எறங்கி வந்து அவுக்கணும். துண்டு தொங்குற வரைக்கும் மந்திரியே வந்து நின்னாலும் லைன் போடமாட்டோம்."

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் சொல்லலை. ரொம்ப வருஷத்துக்கு மின்னாடி ஒரு கோயில் திருவிழால ஒருத்தன் செத்தான். அதுலேருந்து லைட்டு வேலைக்காரங்க எல்லாரும் இப்படித்தான்."

"அன்னிக்கி துண்டு இருந்துச்சா?"

"இல்லை மேடம். டீ குடிச்சிட்டு வந்தேன், பாத்தேன், கைப்பிடி மொட்டையா இருந்துச்சு. மாமா எறங்கிட்டாருன்னு நெனச்சேன். மேடைலேருந்து சீனுவாசன் லைட்டு லைட்டுன்னு கத்திக்கினே இருந்தாரு. விழுந்தப்போ மாமாவோட செவப்புத் துண்டு அவரு தலைலயே கட்டியிருந்துச்சு. அதை வெச்சுத்தான் சீனுவாசன் மொதல்ல சொன்னாரு, இப்போ எல்லாரும் சொல்றாங்க, துண்டு கட்ட மறந்து ஏறிட்டான்னு. பத்தொம்போது வருஷமா மறக்காத மனுசன் மேடம்."

பிரான்சிஸ் தன் தைரியத்தைத் தனக்கே நிரூபித்துக்கொள்ள விரும்பினான். பெட்டியருகே போய்க் கைப்பிடியில் கை வைத்தான்.

மேலே சத்தம் நின்றது.

கையை எடுத்தான். டக்.

மறுபடி வைத்தான். நின்றது.

"காத்து," என்றாள் தையல்நாயகி. "ஃபிளெக்ஸ் கயிறு குழாய்ல அடிக்கிது."

பிரான்சிஸ் அண்ணாந்து பார்த்தான். கயிறு இருந்தது. அது அசையவில்லை. மூன்று பேருடைய சட்டையிலும் புடவையிலும் ஒரு இழைகூட அசையவில்லை.

"காத்துதான் மேடம்," என்றான் அவசரமாக. "நல்ல காத்து. ஜல்தியா கெளம்பலாம்."

*

அம்சாவின் வீடு இரண்டு கிலோமீட்டர் தள்ளி. இனியவன் தெருமுனைக் குழாயடியோடு நின்றுகொண்டான்.

"நீ வர்லியா?"

"கூப்பிட்டாத்தான் வருவேன் மேடம்."

அம்சா பெரிய சத்தம் இல்லாத பெண். களை எடுத்துக் காப்புக் காய்த்த கையால் பாய் விரித்தாள். தம்பி அனுப்பினான் என்று சொன்னதும் முகத்தில் எதுவும் மாறவில்லை.

"குழாயாண்ட நிக்கிறானா?"

"ஆமா."

"நிக்கட்டும்."

தையல்நாயகி சாவைப் பற்றிக் கேட்கவில்லை. அன்று காலையைப் பற்றிக் கேட்டாள். என்ன சாப்பிட்டுப் போனார், எத்தனை மணிக்குப் போன் செய்தார், கடைசியாக என்ன பேசினார்.

"பந்தக்கால் நட்டாங்களாம். முடிஞ்சதும் போன் பண்ணாரு," என்றாள் அம்சா. "பந்தக்கால் நட்டா மேஸ்திரிக்கு வேட்டி துண்டு வெச்சுக் குடுப்பாங்கம்மா, வெத்தலபாக்கோட. 'பச்சைக் கரைத் துண்டு அம்சா, நாலு மூலைலயும் மஞ்சள் வெச்சுக் குடுத்தாங்க, உனக்குப் புடிச்ச பச்சை'ன்னாரு. அவரு கட்டிக்கவே மாட்டாரு. எல்லாத் துண்டும் எனக்குத்தான்."

உள்ளே போய் ஒரு துணிப்பை கொண்டுவந்து கவிழ்த்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பொருட்கள். டெஸ்டர், இன்சுலேஷன் டேப், இரத்தம் காய்ந்த சிவப்புத் துண்டு, மடிப்புக் கலையாத புது வேட்டி, சருகாகிப்போன வெற்றிலை.

"வேட்டி வந்துச்சு. வெத்தலகூட வந்துச்சு. துண்டு வரலை," என்றாள். "எவனோ எடுத்துக்கினு போயிட்டான். செத்தவன் துண்டு எதுக்கும்மா அவனுக்கு?"

தையல்நாயகி அந்தப் பொருட்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வெளியே வந்ததும், "பிரான்சிசு," என்றாள்.

"சொல்லுங்க மேடம்."

"சாயங்கால இருட்டு. கைப்பிடில கட்டணும். ஒருத்தர்கிட்ட அழுக்கேறின செவப்புத் துண்டு தலைல இருக்கு. பளிச்சுன்னு புதுத் துண்டு கைல இருக்கு. எதைக் கட்டுவாரு?"

பிரான்சிஸ் வாயைத் திறந்தான். முதல் தடவையாக உருப்படியான ஒன்று அதிலிருந்து வந்தது. "தலையில இருந்ததை வெச்சு, கட்ட மறந்துட்டாருன்னு சொன்னவங்க எல்லாரும் தப்பான துண்டைப் பாத்துக்கினு இருந்திருக்காங்க."

"சரியான துண்டு எங்க போச்சோ அங்கதான் நமக்கு வேலை."

*

திண்டிவனத்தில் பேரொளி ஈவென்ட்ஸ் அலுவலகம் முழுக்கக் கண்ணாடியும் ஏசியுமாக இருந்தது. சீனுவாசனின் விசிட்டிங் கார்டு மூன்றாக மடிந்து பிரிந்தது. பட்டங்களுக்கு இடம் போதாமல் பின்பக்கமும் அச்சடித்திருந்தார்கள். பக்கத்தில் ஆரஞ்சு நிற ஜாக்கெட் போட்டு, ஏசி அறைக்குள் ஹெல்மெட்டையும் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவர் பாதுகாப்பு அதிகாரி கோபி. சீனுவாசனின் மச்சினன். அந்தப் பதவிக்கு வேறு தகுதி கேட்கப்படவில்லை.

"எங்க மேடம் ஒரு பெரிய விழா எடுக்கறாங்க," என்று மேடைக்குரலில் ஆரம்பித்தான் பிரான்சிஸ். "பட்ஜெட் பிரச்சினை இல்லை. ஆனா ஆளுங்க உசுருக்குப் பாதுகாப்பு வேணும். தமிழ்நாட்டுல அதுக்கு ஒரே ஆளு நீங்கதான்னு சொன்னாங்க."

சீனுவாசன் அடக்கமாகச் சிரிக்க முயன்று, முடியாமல் கைவிட்டார்.

"யாரு சொன்னது?"

"ஒரு ஃபிளெக்ஸ்ல போட்டிருந்துச்சுங்க."

மேசைமேல் பளபளவென்று ஒரு புத்தகம் வந்து விழுந்தது. 'சுகாதார, பாதுகாப்பு அபாயத் திட்ட மலர்'. அறுபத்து நான்கு பக்கம். "ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மொத நாள், மேடையிலயே வெச்சு, வெளியீட்டு விழா நடத்தித்தான் வேலையை ஆரம்பிப்போம்ங்க. இது கடைசியா ஒலக்கூர்ல வெளியிட்டது. இந்தியாவுலயே யாரும் பண்றதில்லை."

தையல்நாயகி புரட்டினாள். முதல் பத்தொன்பது பக்கம் வாழ்த்துரை, படங்களோடு. அப்புறம் சீனுவாசனின் வாழ்க்கைக் குறிப்பு. அதன்பிறகு அபாயங்கள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாகப் படித்தாள்.

"'பேரலை எழும்பும்போது விருந்தினர்களை மணற்பரப்பிலிருந்து மேட்டுப் பகுதிக்கு அழைத்துச் செல்லவும். உயிர்காப்பு மிதவைகள் நான்கு தயார் நிலையில்.' ஒலக்கூருக்குக் கடல் எப்போ வந்துச்சு?"

கோபி இருமினார். "பொம்மையார்பாளையத்துல ஒரு பீச் கல்யாணம் பண்ணோம். அதுல இருந்து கொஞ்சம் எடுத்தோம்."

"ஐயா, முன்யோசனைன்னா இதான்," என்றான் பிரான்சிஸ். "கடல் இன்னும் ஆயிரம் வருஷத்துல அங்க வந்தாலும் நாம ரெடி."

தையல்நாயகி இன்னும் புரட்டினாள். 'வேலையாட்கள்' என்ற தலைப்பு அறுபத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கீழே ஒரே வரி: 'வேலையாட்கள் கவனமாக இருக்க வேண்டும்.' யார் ஏறுகிறார், யார் லைன் போடுகிறார், ஏறியவர் இறங்கிவிட்டார் என்று யார் சொல்ல வேண்டும், எதுவும் இல்லை. அதற்கும் கீழே பதினான்கு வேலையாட்களின் கையெழுத்து. பதினான்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே அழகில்.

பிரான்சிஸ் அதற்குள் சுவரைப் பார்க்க ஆரம்பித்திருந்தான். சீனுவாசனின் நாற்காலிக்குப் பின்னால், தங்க நிறச் சட்டத்துக்குள், ஒரு பெரிய புகைப்படம். வரிசையாக ஆறு பெரிய மனிதர்கள் மலரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பல்லைக் காட்டினார்கள். பின்னணியில் அலங்கார வளைவு ஜொலித்தது.

"இதுதான் அந்த வெளியீட்டு விழாவா சார்? சூப்பரா வந்திருக்கு."

சீனுவாசனுக்கு வேறு தூண்டுதல் தேவைப்படவில்லை. "லைட்டு வந்த அதே செகண்டுல எடுத்ததுங்க! போட்டோகிராபரை ரெடியா நிக்க வெச்சுட்டு, 'லைட்டு வர்ற நொடியில அமுக்குடா'ன்னேன். ஒரே ஒரு படம். அதுக்கப்புறம்..." அவர் நிறுத்தினார். "அதுக்கப்புறம் எடுக்க முடியலை."

"எல்லாருக்கும் ஜரிகைப் பொன்னாடை. அஞ்சு பேருக்கு," என்றான் பிரான்சிஸ் விரலால் எண்ணிக்கொண்டு. "ஆறாவதா நிக்கிற பெரியவருக்கு மட்டும் பருத்தித் துண்டு. ஐயா எளிமையை விரும்புறவரோ?"

"தாண்டவராயன் ஐயா. மனை ஓனரோட மாமனாரு. திடீர்னு வந்துட்டாரு, அழைப்பிதழ்லயே பேரு இல்லை. அவருக்குப் போடலைன்னா..."

வாக்கியம் பாதியில் நின்றது. தையல்நாயகி எழுந்து படத்துக்கு அருகே போயிருந்தாள்.

"பச்சைக் கரை," என்றாள். "மூலைல மஞ்சள். நடுவுல முடிச்சுப் போட்ட கசங்கல். இந்த ஓரத்துல டீசல் கறை. மரியாதை பண்றதுக்குன்னு வாங்கின துண்டு மாதிரி தெரியலையே கோபி சார். இதை எங்கேருந்து அவுத்தீங்க?"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வியர்வை இறங்கியது.

"பொன்னாடை ஒண்ணு கொறைஞ்சுபோச்சு மேடம். மாமா, எதையாவது கொண்டாடான்னாரு. பெட்டியாண்ட பாத்தேன், புதுத் துண்டு ஒண்ணு கட்டியிருந்துச்சு. மஞ்சள் வேற இருந்துச்சா, மெஷினுக்குப் பூஜை போட்டுக் கட்டியிருக்காங்கன்னு நெனச்சு..."

"டேய்!" என்று எழுந்தார் சீனுவாசன்.

"எனக்கு எப்படி மாமா தெரியும்? துண்டு கட்டினா லைன் போடக்கூடாதுன்னு நம்ம புக்குல எங்க இருக்கு?"

அது உண்மை. அறுபத்து நான்கு பக்கத்தில் எங்கும் இல்லை. நெடுஞ்செழியனின் பாதுகாப்புத் திட்டம் ஒரே ஒரு பக்கம், அதுவும் துணியில். அதை அவிழ்த்துத்தான் பாதுகாப்புத் திட்ட மலரின் வெளியீட்டு விழாவில் பெரிய மனிதருக்குப் போர்த்தியிருந்தார்கள்.

"உங்களுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு," என்றாள் தையல்நாயகி சீனுவாசனிடம். "தெரிஞ்சும், அவர் துண்டே கட்டலைன்னு நீங்கதான் மொதல்ல சொல்லியிருக்கீங்க. ஏன்?"

சீனுவாசன் கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். குரல் திடீரென்று குசுகுசுப்பாகியது. "தாண்டவராயன் ஐயாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுங்க. அவரு அந்தத் துண்டைப் பீரோல பத்திரமா வெச்சிருக்காரு. யார் கட்டியிருந்த துண்டை அவரு தோள்ல போட்டோம்னு தெரிஞ்சுதுன்னா, என்னை ஊருக்குள்ள விடமாட்டாருங்க. அந்தத் தெருக்காரன் தொட்ட..."

மீதியை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

பதினாறு நாளாக இந்த மனிதர் பயந்துகொண்டிருந்தது ஒரு சாவுக்காக அல்ல என்பது பிரான்சிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. போலீசுக்குப் பயப்படவில்லை, பேய்க்குப் பயப்படவில்லை. ஒரு தோளுக்கும் ஒரு துண்டுக்கும் நடுவில் இருந்த தூரத்துக்குப் பயந்திருக்கிறார்.

சீனுவாசன் சட்டென்று தெம்பானார். தொழில்காரர். ஓட்டை ஒன்றைக் கண்டுவிட்டார். "சரிங்க. துண்டை எடுத்தோம். எப்போ எடுத்தோம்? அந்தப் பையன் லைன் போட்டதுக்கு அப்புறம்தான் எடுத்தோம். அவன் போட்டப்போ துண்டு அங்கயேதான் இருந்துச்சு. பாக்காமப் போட்டுட்டான். இல்லைன்னு நிரூபிங்க பாக்கலாம்."

அந்த வாதம் நின்றுவிட்டால் குழாயடியில் நிற்பவன் வாழ்நாள் முழுக்க அங்கேயே நிற்பான். பிரான்சிஸ் மறுபடி படத்தைப் பார்த்தான். மேடையில் வருஷக்கணக்காக நின்றவன், படத்தில் எப்போதும் முன்வரிசையைத்தான் பார்ப்பான். இப்போது முதல் தடவையாகப் பின்னால் பார்த்தான்.

வளைவின் எழுத்துகள் எரிந்தன. 'வா' மட்டும் எரியவில்லை. அதன் மேல் ஒரு கறுப்புக் கறை.

தோரணம் என்று நினைத்தான். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினான். தோரணத்துக்குக் கால் இருந்தது. ஒரு கால் குழாயில் ஊன்றி, மற்றது மடங்கி. உச்சியில் ஒரு சிவப்புப் புள்ளி. தலையில் கட்டிய துண்டு.

ஆறு பேர் சிரிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், அதே நொடியில், அவர் இன்னும் விழவில்லை. அந்தச் சட்டத்துக்குள் அவர் என்றைக்கும் விழப்போவதில்லை. பதினாறு நாளாகச் சீனுவாசனின் தலைக்கு மேல் அப்படியே நின்றுகொண்டிருக்கிறார்.

"சார்," என்றான். "லைட்டு வந்த அதே செகண்டுல எடுத்த படம்னு நீங்கதான் சொன்னீங்க. லைட்டு வந்தாச்சு. அவரு மேல நிக்கிறாரு. துண்டு பெரியவரு தோள்ல இருக்கு."

போனை நீட்டினான். சீனுவாசன் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பித் தன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த படத்தை அண்ணாந்து பார்த்தார். திரும்பிய கழுத்து வெகுநேரம் நேராகவில்லை. கோபி ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

*

திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. குழாயடியில் நின்றவனிடம் தையல்நாயகி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அழவில்லை. கேட்டதைத் திரும்பத் திரும்ப உதட்டால் சொல்லிப் பார்த்தான். துண்டு கட்டியிருந்தது. வேறொருவர் எடுத்தார். தான் பார்த்தபோது இல்லை.

"அப்போ நான் இல்லை, இல்லையா மேடம்?"

"வா, அக்காகிட்ட சொல்லலாம்."

"கூப்பிடலையே."

"நான் கூப்பிடறேன்."

வாசலில் தம்பியைப் பார்த்ததும் அம்சா எழவில்லை, விரட்டவும் இல்லை. தையல்நாயகி சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். படத்தைக் காட்டச் சொன்னாள். பிரான்சிஸ் தயங்கித் தயங்கிப் போனைக் கொடுத்தான். அவள் திரையை முகத்தருகே கொண்டுபோனாள்.

"அவருதான்," என்றாள். "ரொம்ப நேரம் நின்னா இடது காலை இப்படித்தான் மடிச்சுக்குவாரு." விரலால் அந்தக் கறையைத் தொட்டாள். திரை நகர்ந்துவிட்டது. மறுபடி தேடிப் பிடித்தாள்.

"யக்கா," என்றான் இனியவன். "மாமா மறக்கலைக்கா. கட்டித்தான் இருந்தாரு. அவங்கதான் அவுத்துட்டாங்க. நான் வந்து பாத்தப்போ துண்டு இல்லைக்கா, சத்தியமா."

"துண்டு இல்லை. சரி." அம்சா பதினாறு நாளில் முதல் தடவையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். "துண்டு இல்லைன்னாலும், லைன் போடறவன் மேல பாத்து ஒரு குரல் குடுக்கணுமே. பதில் வந்தாத்தானே போடணும். உன்னை வேலைக்குச் சேத்துவுட்ட அன்னிக்கி இந்த வூட்லதான் உக்காந்து சொல்லிக் குடுத்தாரு. நான் சோறு போட்டுக்கினு கேட்டுக்கினு இருந்தேன். அன்னிக்கி நீ கூப்பிட்டியா?"

இனியவனின் வலது கை முதுகுக்குப் பின்னால் போனது.

தையல்நாயகி நிமிர்ந்து பார்த்தாள். அவளிடம் அவன் இதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இருபது வருஷ அனுபவத்தில் கேட்கத் தோன்றாத ஒரே கேள்வியைக் களை எடுக்கும் பெண் ஒருத்தி பதினாறு நாளாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அந்தாளு ஜல்தி ஜல்தின்னு கத்திக்கினு இருந்தாருக்கா," என்றான் கடைசியில். "கூப்பிடலைக்கா."

வெளியே யார் வீட்டிலோ மிக்ஸி ஓடி நின்றது. அம்சா கண்ணை மூடித் திறந்தாள்.

"இதைத்தான்டா உன் வாயால கேக்கணும்னு இருந்தேன். துண்டு கதையை ஊர்ல யார் வேணா வந்து சொல்லுவாங்க. இதை நீ மட்டும்தான் சொல்ல முடியும்." தையல்நாயகியின் பக்கம் திரும்பினாள். "மேல என்னம்மா பண்ணணும்?"

"போலீசுக்கு மனு எழுதணும். படத்தோட குடுக்கலாம். சீனுவாசன், கோபி ரெண்டு பேரும் தப்பிக்க முடியாது. ஆனா..." அவள் இனியவனைப் பார்த்துத் தயங்கினாள். "இவன் கூப்பிடாததை எழுதணும்னு கட்டாயம் இல்லை. அவங்களுக்கு அது தெரியாது. எழுதினா இவன் பேரும் கேசுல வரும்."

"யக்கா?" என்றான் அவன். சின்னக் கேள்வியாகத்தான் வந்தது.

"அவங்க துண்டை மறைச்சாங்க. நீ இதை மறைப்பியா?" என்றாள் அம்சா. "எழுது. நானும் உன்கூட ஸ்டேசனுக்கு வர்றேன். நீ உள்ள போனா உன் பொண்டாட்டியை நான் பாத்துக்கறேன். எழுதிட்டு உள்ள வா, சோறு போடறேன்."

பிரான்சிஸ் பேனாவும் வெள்ளைத்தாளும் எடுத்துக் கொடுத்தான். தையல்நாயகி தொண்டையைச் செருமி, "மொதல்ல சீனுவாசன் பேரு, கம்பெனி பேரு போட்டுக்க. தேதி போடு. நான் சொல்றேன்," என்று ஆரம்பித்தாள்.

இனியவன் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. தாளை முழங்கால்மேல் வைத்துக் குனிந்து, கோணல் எழுத்தில், முதல் வரியை எழுதினான்: 'லைன் போடும் முன்பு நான் என் மாமாவைக் கூப்பிடவில்லை.'